வலக்கை, இடக்கை, படிவம்

நவி மும்பை வாஷியில் அன்னதானத்துக்கு வசூலுக்குப் போனால், "80ஜி ரசீது உண்டா?" என்றுதான் முன்பு கேட்பார்கள். தர்மசிந்தனை அவ்வளவு. இப்போது கேள்வியே எழுவதில்லை. கதவும் பாதிதான் திறக்கிறது. 2023-24 முதல் புதிய வரித்திட்டமே இயல்பானது, அதில் நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை கிடையாது. 2025 பட்ஜெட்டோ 12 லட்சம் வரை வரியே இல்லை என்றுவிட்டது. மிச்சம் புண்ணியம் மட்டும். அதற்குக் கழிவு யார் தருவார்?

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாதாம். தெரியாவிட்டால், வரம்புக்கு மேற்பட்ட பெயரில்லா நன்கொடைக்கு 30 சதவீத வரி. கோயில் உண்டியலுக்கு விலக்கு உண்டு, பள்ளிக்கூடம் நடத்தும் அறக்கட்டளைக்கு இல்லை. கொடுத்தவர் விவரத்தைப் பொருளாளர் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அதைக் கட்ட இன்னொரு வசூல்.