கையை எங்கே உடறது?

வா தம்பி, உக்காரு. நாமக்கல் காலேஜுல படிச்சு முடிச்சு நம்ம காங்கயத்துப் பக்கமே வேலைக்கு வந்துட்டியாமா. நெம்பச் சந்தோசம். பூட்ஸு பளபளங்குது, கடிகாரம் அதுக்கு மேல பளபளங்குது. மொதல்ல அதைக் கழட்டி வெய்யி. சினை பார்க்கறதுக்குத் தோள்பட்டை வரைக்கும் கை போற எடத்துல மணி பார்த்து என்ன பண்ணப்போறே? மோதரமா? அதையும் கழட்டு. உள்ளே நழுவிருச்சுன்னா சாணியைச் சல்லடை போட்டுச் சலிக்கோணும். அதை வேடிக்கை பார்க்கறதுக்குப் பக்கத்து ஊர்ல இருந்து டெம்போ வெச்சு வருவாங்க.

அஞ்சரை வருசம் படிச்சவனுக்கு நான் வைத்தியம் சொல்ல வரல. கையை எங்கே உடோணும், எங்கே உடக்கூடாதுங்கற கணக்கு மட்டும் சொல்றேன். கேட்டுக்க.

ஒரு மாடு எச்சில் ஒழுக நிக்கும். தீனி எடுக்காது, குரல் கம்மிக் கம்மிக் கத்தும். "பனங்கொட்டை சிக்கிருச்சுங், கையை உட்டு எடுத்துருங்"ம்பான் மாட்டுக்காரன். ஊரே சுத்தி நிக்கும். புது டாக்டரு தைரியசாலின்னு காட்டறதுக்கு உனக்குக் கை அரிக்கும். உடாதே. வெறிநோய் கண்ட மாடும் அப்படியேதான் நிக்கும், அந்த எச்சில்லதான் கிருமி இருக்குது. "நாய் ஏதாச்சும் கடிச்சுதா?"ன்னு ஆம்பளைகிட்டக் கேக்காதே, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்"னு மீசையைத் தடவுவான். வாசல் கூட்டற ஆத்தாகிட்டக் கேளு. எந்த மாசம், எந்த நெறத்து நாய், எந்தப் பக்கம் வேலி தாண்டி வந்துதுன்னு ஒப்பிப்பாங்க. கையில உறை போட்டுக்க. உனக்கும் முன்னாலயே தடுப்பூசி போட்டுக்க. போடறப்ப நீ கண்ணை மூடிக்கறதை மட்டும் கம்பவுண்டரு பார்க்காம பார்த்துக்க.

அடுத்தது பால் காய்ச்சல். நல்லாக் கறக்கற சீமை மாடு, கன்னு போட்ட மக்யா நாள் படுத்துக்கும். தலையைத் திருப்பி விலாவுல சாச்சுக்கும், காதைத் தொட்டா சில்லுன்னு கெடக்கும். ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச் சத்தை மடி இழுத்துக்கிச்சு, வேறொண்ணுமில்ல. நீ போறதுக்குள்ள வேப்பிலை அடிச்சு, துன்னூறு போட்டு, சம்பந்தி ஊட்டுக்காரங்களைக் கேட்டு, எல்லாம் முடிஞ்சிருக்கும். கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்புல ஏத்து. ஒரு கை பாட்டில்ல, ஸ்டெத்தாஸ்கோப்பு மாட்டு நெஞ்சுல. மெதுவா ஏத்தோணும். சீக்கிரம் ஊட்டுக்குப் போலாம்னு வேகமா உட்டீன்னா இதயம் நின்னுரும். சரியாப் போச்சுன்னா, உடம்பு நடுங்கும், மூக்கு ஈரமாகும், ஏப்பம் உடும், சாணி போடும், அப்புறம் எந்திரிச்சு நின்னுக்கும். செத்த மாட்டை எழுப்புன சாமின்னு உன்னைக் கும்பிடுவாங்க. கும்பிட்டா வாங்கிக்க, ஆனா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகாதே. இடுப்பெலும்பு ஒடைஞ்ச மாட்டை நாளைக்குக் காட்டி, அதே பாட்டிலை மாட்டச் சொல்லுவாங்க.

"ரண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறந்துராதீங்"னு சொல்லு. தலையை ஆட்டுவாங்க. பொழுதோட கடைசிச் சொட்டு வரைக்கும் சீம்பாலைக் கறந்து சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்புவாங்க. உனக்கும் ஒரு போசி வரும். போசியைப் பார்த்தீன்னா இன்னொரு பாட்டிலை எடுத்து வண்டியில வெச்சுக்க. ராவுக்குக் கூப்புடுவாங்க.

தை பொறந்தா பட்டிப் பொங்கல். வருசம் பூரா சோளத்தட்டு தின்ன மாட்டுக்கு ஒரே நாள்ள நன்றிக்கடன் தீர்ப்பாங்க. அப்பன் ஒரு உருண்டை, மவன் ஒரு உருண்டை, டவுன்ல இருந்து வந்த மருமவ செல்போனைப் புடிச்சுக்கிட்டே ரண்டு உருண்டை. பச்சரிசியும் வெல்லமும் பெருவயித்துல புளிச்சு அமிலமாயிரும். ராத்திரிக்கு மாடு அசை போடாது, பல்லை நறநறன்னு கடிக்கும், தள்ளாடும். அசந்தா உசுருக்கே மோசம். சோடா உப்பைக் கரைச்சு ஊத்தறதும், நரம்புல மருந்து ஏத்தறதும் உனக்குத் தெரியும். "யாரு சோறு போட்டது?"ன்னு மட்டும் கேக்காதே. யாருமே போட்டிருக்க மாட்டாங்க, பொங்கல் தானா நடந்து உள்ளே போயிருக்கும். "உங்கூட்டுப் பொங்கல் கமகமங்குதே, எந்தப் பானைல வெச்சீங்க?"ன்னு கேளு. பானையைக் கொண்டுவந்து காட்டுவாங்க. எத்தனை காலின்னு பார்த்துக்க. ஊருக்குள்ள கல்யாண மண்டபம் இருந்துச்சுன்னா ஆசுபத்திரிச் சுவத்துல முகூர்த்தக் காலண்டர் ஒண்ணு மாட்டு. மிச்சச் சோத்துக்கும் அதே வைத்தியந்தான்.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரி ஊசிக்குப் போவே. ஊசி போட்டாப் பால் கொறையும்னு மாட்டை மேய்ச்சல் கொறங்காட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பாங்க. மாட்டை ஒளிக்கலாம், சாணியை எங்கே ஒளிப்பாங்க? கட்டுத்தாரையைப் பார்த்தே கணக்குச் சொல்லு. வெக்கை நோய்னு ஒண்ணு பட்டி பட்டியாக் காலி பண்ணிட்டிருந்துச்சு. ஊசி போட்டே அதை ஒழிச்சு, 2011ல உலகத்துலயே இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. மனுசனோட பெரியம்மைக்கு அப்புறம் அடியோட ஒழிஞ்சது இது ஒண்ணுதான். அதுக்குன்னு எந்த ஊர்லயாச்சும் மாட்டு டாக்டருக்கு மாலை போட்டாங்களா? வராத நோய்க்கு யாருப்பா மாலை வாங்குவாங்க.

வலிக்கு ஊசி போடறப்பவும் கொஞ்சம் யோசனை பண்ணு. டைக்குளோபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பாறு கழுகெல்லாம் சிறுநீரகம் கெட்டு விழுந்துச்சு. 2006ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணுனாங்க. இப்பப் பாறு பார்க்கோணும்னா மாயாத்துப் பள்ளத்தாக்குப் பக்கம் போகோணும். டைக்குளோபினாக்குக்குப் பதிலா மெலாக்சிகாம் இருக்கறப்ப உனக்கென்ன கேடு? எந்தக் கழுகும் சீட்டு வாங்கிட்டு உங்கிட்ட வைத்தியத்துக்கு வராது.

அப்புறம் பாக்கெட்டு. அதுக்குள்ள ஊரான் கையை உட உட்ராதே. ராவுல கன்னை இழுத்துப் போட்டு, உடம்பெல்லாம் நாறிக்கிட்டு நிப்பே. "சித்தெ இருங்"னு உள்ளே போவான். நோட்டு எடுக்கப் போறான்னு பதறாதே, முருங்கைக்காய்தான் வரும். வாங்கிக்க, வேண்டாம்னா மொகம் வாடிப்போகும். கோழி குடுத்தா மட்டும் நின்னு நல்லாப் பாரு. தூங்கி வழியுதா, கழுத்து திருகிக்குதா, பச்சையும் வெள்ளையுமாக் கழியுதான்னு பாரு. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழியை டாக்டர் வண்டியில கட்டி அனுப்பறதுல நம்மூர்க்காரங்க கெட்டி. உனக்குக் கூலியும் குடுத்தாப்பல ஆச்சு, கோழியை ஆசுபத்திரிக்கு அனுப்புனாப்பலயும் ஆச்சு.