நாமகரணப் பிரியர்

செடியொன்றை வாங்கி வந்து தொட்டியில் வைத்துத் தண்ணீர் வார்த்து, பூத்தால் மகிழ்ந்து, பட்டுப்போனால் மறந்துவிடுகிற சாமானிய ஜனங்களைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் பச்சை வலைப்பந்தல் போட்டு, அதன் நிழலில் கள்ளிகளையும் சதைப்பற்றுச் செடிகளையும் வரிசை வரிசையாகக் குடியேற்றி, வந்து சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயர் இன்னதென்று நிச்சயமாகிற வரையில் அன்னமும் நித்திரையும் ருசிக்காத ஒரு விசேஷ வர்க்கத்தார் சமீப காலமாக நம் பட்டணங்களில் விருத்தியடைந்து வருகிறார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இவர்களில் அதிகம். ஆயுள் முழுவதும் கோப்புகளுக்கு எண் இட்டுப் பழகிய கை, சும்மா இரு என்றால் இருக்குமா?

நாமகரணப் பிரியரைக் கண்டுகொள்வது சுலபம். அவர் கை குலுக்கமாட்டார். எட்ட நின்றே கும்பிடுவார். இதைப் பண்பாட்டுப் பற்று என்று மெச்சுகிறவர்கள் உண்டு. உண்மையில் சப்பாத்திக்கள்ளியின் மயிரிழை முட்கள் விரல் நுனிகளில் ஏறியிருப்பதே காரணம். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி ஒன்றும் சிறு இடுக்கி ஒன்றும் எப்போதும் இருக்கும். நம்மோடு பேசிக்கொண்டே அந்த முட்களைப் பிடுங்குகையில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினியாரின் வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்ட விருத்தாந்தத்தையும், பிற்பாடு நாடெங்கும் காடாய் மண்டிய சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்கு 1926இல் அதே ஜாதிப் பூச்சி ஒன்றையே கொண்டுவந்து விட நேர்ந்த விபரீதத்தையும் அவர் சொல்லி முடிப்பதற்குள், நாம் வந்த காரியம் நமக்கே மறந்துபோகும்.

இவருக்குச் செடி விற்பவன் பாடு தனி. அவனுடைய தாவர சாஸ்திரத்தில் முள் இருந்தால் கேக்டஸ், முள் இல்லாவிட்டால் சக்குலன்ட், அதற்குமேல் பிரிவினை கிடையாது. "இதன் பெயர் என்னப்பா?" என்று இவர் கேட்டால், "முந்நூறு ரூபா சார்" என்பான். "விலை இருக்கட்டும், பெயர்?" என்று மறுபடியும் வற்புறுத்தினால், "இம்போர்ட்டட் சார்" என்று சொல்லி ஐம்பது ரூபாயை ஏற்றிவிடுவான். ஒருமுறை செக்கச்செவேலென்று பூத்திருந்த ஒரு கள்ளியை அவன் தலையில் கட்ட, இரண்டு மாதமாகியும் பூ வாடாததைக் கண்டு இவர் பரவசமுற்று, அபூர்வ இனம் என்று நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பினார். மூன்றாம் மாதம் ஒட்டியிருந்த பசை விட்டு, அந்தக் காகிதப்பூ கழன்று விழுந்தது. அந்த விஷயத்தை அவர் காதில் விழும்படி யாரும் பேசுவதில்லை.

புதுச்செடி வீட்டுக்குள் நுழைந்தால், வரன் பார்க்கிற பெண் வீட்டார் குலமும் கோத்திரமும் விசாரிக்கிற கண்டிப்போடு விசாரணை தொடங்கும். முதலில் ஊசியால் ஒரு குத்து. பால் வந்தால் யூபோர்பியா, அதாவது நம் ஊர்ச் சதுரக்கள்ளிக்கும் திருகுகள்ளிக்கும் தாயாதி. பால் வராமல், முள் கிளம்பும் இடத்தில் பஞ்சுத்திட்டு இருந்தால் அது அமெரிக்கக் கண்டத்துப் பரம்பரையில் வந்த அசல் கேக்டஸ்; அந்தப் பெருங்குடும்பத்தில் ஒரே ஓர் இனந்தான் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக விளைவது. இவ்வளவு தெளிவாக இலக்கணம் வகுத்து வைத்துக்கொண்டிருந்தவரிடம், பஞ்சும் வைத்துக்கொண்டு பாலும் சுரக்கிற ஒரு மாமிலேரியா வந்து சேர்ந்தது. அந்த இனத்தில் சிலவற்றுக்குப் பாலும் உண்டு என்று நூல்களைப் புரட்டித் தெரிந்துகொள்ளும் வரையில், பாவம், மனுஷர் யாரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

இந்தச் சோதனை தம் வீட்டோடு நின்றால் பாதகமில்லை. வெள்ளைக்கோடு போட்ட ஹாவொர்த்தியாவை எவர் வீட்டு ஜன்னலில் கண்டாலும், காப்பியைக் கீழே வைத்துவிட்டு இலையின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார். வழவழப்பாக இருந்தால் ஃபேஷியேட்டா, சொரசொரத்தால் அட்டென்யூவேட்டா. கடைகளில் முதற்பெயரில் விற்பது பெரும்பாலும் இரண்டாவதேயாகையால், வீட்டுக்காரர் ஏமாந்தவர் என்பதை நிரூபித்துவிட்டு எழுந்து வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அடுத்த வீட்டு அம்மாள் நள்ளிரவில் கண்விழித்திருந்து, மலர்ந்த பிரம்மகமலத்துக்குக் கர்ப்பூரம் காட்டிக்கொண்டிருந்த சமயத்தில், "இது மெக்சிகோப் பக்கத்துக் கள்ளி, அசல் பிரம்மகமலம் இமயமலையில் அல்லவா இருக்கிறது!" என்று மதிலுக்கு இப்பாலிருந்து அவர் சத்தியத்தை உரைத்ததிலிருந்து, அந்த வீட்டுச் சுண்டல் இந்த வீட்டுக்கு வருவதில்லை. சத்தியத்துக்கும் ஒரு வேளை உண்டு என்பது லத்தீன் நூல்களில் இல்லை போலும்.

போதாக்குறைக்குத் தாவர சாஸ்திரிகளும் அவரை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. கிராமத்தில் எல்லாரும் மருள் என்று சொல்லிப் போகிற செடிக்குச் சான்செவேரியா என்று அழகாகச் சீட்டு எழுதி நட்டார். அது டிரசீனாவோடு சேர்ந்துவிட்டதென்று பிறகு தீர்ப்பாயிற்று. அவ்வளவு சீட்டுகளையும் பிடுங்கி மறுபடி எழுதினார். செடிகள் என்னவோ வழக்கம்போல் வளர்ந்துகொண்டிருந்தன.

இத்தகையவரை ஒரு செடி அடியோடு கலக்கிவிட்டது. விரல் பருமனில், நான்கு பட்டையாக, இலையுமில்லாமல் முள்ளுமில்லாமல் சாம்பல் பச்சையில் நிமிர்ந்து நின்றது. குத்தினால் பாலில்லை, பஞ்சுமில்லை. கைப்பேசியைக் காட்டினால் காலைக்கு ஒரு பெயரும் மாலைக்கு ஒரு பெயரும் சொல்லிற்று. தென்னாப்பிரிக்க ஸ்டபீலியாவே என்று சகபாடிகள் சத்தியம் செய்தார்கள். பூக்கட்டும், பார்ப்போம் என்று இவர் காத்திருக்கையில், மாடி பெருக்க வந்த அம்மாள், விருதுநகர்ப் பக்கத்தவள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஏங்கய்யா, கள்ளிமுளையானைப் போயா தொட்டியில வச்சிருக்கீக? ஆடு மேய்க்கையில ஒடிச்சு உப்பத் தொட்டுத் திம்போமே! புளி வச்சுத் தொவையல் அரைச்சா எம்புட்டு ருசியா இருக்கும் தெரியுமா?"

அவர் பேசாமல் உள்ளே போய் நூலைப் புரட்டினார். கராலுமா அட்சென்டென்ஸ்; தமிழ்நாட்டுப் பொட்டல் காடுகளில் தானாக முளைப்பது. படமும் பொருந்திற்று. ஆயினும் பெருக்குகிறவள் வார்த்தையோடு விசாரணையை முடிக்க மனம் ஒப்பவில்லை. "அது சரி அம்மா, ஆனால் இதில் பல உட்பிரிவு உண்டே! இதழோரத்தில் மயிர் இருக்கிறதா என்று பூவைப் பார்த்த பிறகே நிச்சயம் சொல்லமுடியும். அதுவரையில் ஒருவரும் தொடக்கூடாது" என்று தடையுத்தரவு பிறப்பித்துவிட்டு, புதுச்சீட்டு எழுதப் பேனாவைத் தேடிக்கொண்டு கீழே இறங்கினார்.

சமையலறையில் அவருடைய சம்சாரம், புளி எவ்வளவு வைக்கவேண்டும் என்று அந்த அம்மாளிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.