புறக்கோட்டையில் ஒரு நாள் துரை

ஊவாவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு வெளிநாட்டுக்காரரைக் கேட்டால் விரல் மடக்கத் தொடங்கிவிடுவார். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி, எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம், வெல்லவாயவுக்கு அருகே புதுருவகலைப் பாறையில் செதுக்கிய ஏழு உருவங்கள் என்று பட்டியல் நீளும். அதே கேள்வியை மொனராகலை றப்பர்த் தோட்டத்திலோ பசறைத் தேயிலை மலையிலோ கேட்டுப் பாருங்கள். "இங்க என்னா இருக்கு? கொழும்புக்குப் போனாத்தான்" என்று பதில் வரும். முருகன் குடியிருக்கும் கதிர்காமமே மொனராகலை மாவட்டத்துக்குள்தான் வருகிறது. ஆனால் அது கும்பிடப் போகும் இடம்; விடுமுறைக் கணக்கில் சேராது. விடுமுறை என்றால் இரண்டு நாள் கொழும்பு. தீபாவளி முற்பணமோ சீட்டுக் காசோ கைக்கு வந்ததும் பை தைக்கப்படும், அல்லது பக்கத்து லயத்தில் இரவல் கேட்கப்படும். வெள்ளைக்காரர் மேலே வரும் பாதையில் நாம் கீழே இறங்குகிறோம். நடுவழியில் ஒருவரையொருவர் பார்த்து, இந்தப் பாவத்துக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்கிறது.

கொழும்பில் நம் சனம் பார்ப்பதைக் கொஞ்சம் ஆராய வேண்டும். முதலில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானை. ராத்திரியில் யானை வந்து வாழையை முறித்துப் போட்டுவிட்டுப் போகும் மாவட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். அந்த யானை நம்மைத் துரத்தாது என்பது ஒன்றுதான் புதுமை. அடுத்தது 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்ட தாமரைக் கோபுரம். உயரம் 356 மீட்டர். நமுனுகுல மலை 2,000 மீட்டருக்கு மேல். மேகத்தைக் காலுக்குக் கீழே பார்த்து வளர்ந்த பிள்ளையைக் காசு கொடுத்து லிப்டில் ஏற்றி, "பாரு, எவ்வளவு ஒசரம்!" என்று காட்டுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். காலி முகத்திடலில் இருக்கும் கடல் மட்டும் உண்மையாகவே நம்மிடம் இல்லாத சரக்கு. ஊவா மாகாணத்துக்குக் கரையே கிடையாது. ஆனால் கடலைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கால் நனைத்து, பட்டம் விடுவதை வேடிக்கை பார்த்து, ஒரு படம் பிடித்தால் முடிந்தது. மிச்சப் பொழுதெல்லாம் புறக்கோட்டைக் கடைத்தெருக்களில்தான் கழிகிறது. ஆகவே என் கட்சி இது: நம் சனம் கொழும்புக்குப் போவது ஊர் பார்க்கவும் இல்லை, காசு மிச்சம் பிடிக்கவும் இல்லை. பேரம் பேசப் போகிறார்கள். விடுமுறை என்பதே அந்தப் பேரம்தான்.

கணக்குத் தெரிந்தவர்கள் உடனே எழுந்து நிற்பார்கள். பதுளைக் கடைவீதியில் தொங்கும் சட்டையும் இதே புறக்கோட்டையிலிருந்து லொறியில் வந்ததுதான். லொறிக் கூலியைப் பல நூறு சட்டைகள் பகிர்ந்துகொள்கின்றன. நீங்களோ உங்கள் ஒரு பைக்காக நாலு பேருக்கு இரண்டு வழி பஸ் காசு கொடுக்கிறீர்கள். சட்டைக்கு 200 ரூபாய் குறைத்த பெருமையில் சாப்பாட்டுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் போனதைக் கூட்டிப் பார்த்தீர்களா என்பார்கள். கூட்டிப் பார்த்தால் நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கே என் கட்சிக்குச் சாட்சியாகிறது. மிச்சம்தான் குறி என்றால் அதற்கு வேறு சுருக்குவழி இருக்கிறது. மலைநாட்டில் லயத்துக்கு ஒரு வீட்டுப் பிள்ளையாவது கொழும்பில் துணிக்கடையிலோ சாப்பாட்டுக் கடையிலோ நிற்கிறது. அவனிடம் காசைக் கொடுத்துவிட்டால் கொள்விலைக்கே வாங்கி, ஊருக்கு வரும் பஸ்ஸில் போட்டு அனுப்புவான். யாராவது அதில் திருப்திப்படுகிறார்களா? அவன் அனுப்பினால் சாமான் வரும், கதை வராது. இன்னொரு சாட்சி, காலி முகத்திடலுக்கு எதிரே 2019இல் திறந்த பெரிய கடைத்தொகுதி. உள்ளே குளிர்காற்று, நகரும் படிக்கட்டு, கண்ணாடிக்குள் பொம்மை. நம்மவர்கள் நாலு தரம் படிக்கட்டில் ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள். விலை கூடுதல் என்பது ஒரு காரணம். விலையைச் சீட்டில் அச்சடித்து ஒட்டிவிட்டால் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பது பெரிய காரணம்.

பேரத்தில் இவ்வளவு ருசி எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் ஒரு விலையையும் நாம் சொன்னதில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு சொன்னதுதான் கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்ததுதான் கழிவு. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. "இன்னும் ரெண்டு கிலோ போடுங்க, இல்லாட்டி நான் பக்கத்துத் தராசுக்குப் போறேன்" என்று எந்த அக்காவும் சொல்லிவிட்டு நடக்க முடியாது. நடந்தாலும் தராசு பின்னால் ஓடிவந்து கூப்பிடாது. நாட்கூலி 1,000 ரூபாய் என்பது 2021இல் வர்த்தமானியில் வந்தது. அதற்காகப் பல வருடம் பேசியவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களும் கம்பெனிக்காரர்களும். கொழுந்து பறித்தவர் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார். தேயிலைக்குக்கூட நம்மைவிட அதிருஷ்டம். அது 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போய், ஆட்கள் போட்டி போட்டு விலை ஏற்றுவதைப் பார்க்கிறது. பறித்த கைக்கு அந்த மரியாதை கிடைப்பது புறக்கோட்டை நடைபாதையில் மட்டும்தான். "வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பத்து அடி நடந்ததும், "அக்கா, வாங்க வாங்க, எவ்வளவுக்குத் தரணும், நீங்களே சொல்லுங்க" என்று பின்னால் ஒரு குரல் வருகிறதே, அதைக் கேட்கத்தான் இருநூற்றைம்பது கிலோமீட்டர் வயிற்றைப் புரட்டும் பஸ்ஸில் வருகிறார்கள். அந்தப் பத்து அடியில் அவர் துரை.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. தோட்டத்தைவிட்டுப் போவதற்கே ஒரு காலத்தில் 'துண்டு' வேண்டியிருந்தது. கடன் பாக்கி இவ்வளவு, தீர்த்தால் போகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாத ஆளை இன்னொரு தோட்டம் சேர்க்காது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஒன்பது வளைவுப் பாலமும் அதே 1921ஆம் ஆண்டுதான். பாலத்தின் முன்னால் இன்றைக்கு உலகமே நின்று படம் பிடிக்கிறது. துண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. புறக்கோட்டையில் கேட்டால், "துண்டெல்லாம் இல்ல அக்கா, மாத்தியும் குடுக்க மாட்டோம்" என்று பதில் வரும்.

பண்பாட்டுப் பிரியர்களின் வருத்தம் வேறு. 1877இல் திறந்த தேசிய நூதனசாலை இருக்க, இவர்கள் பிளாஸ்டிக் வாளிக்குப் பின்னால் அலைகிறார்களே என்பார்கள். நான் சொல்கிறேன், கொழும்பின் பழமையை நம் சனத்தைப்போல நெருங்கிப் பார்த்தவர்கள் கிடையாது. சுற்றுலாக்காரர் முச்சக்கரவண்டியில் வந்து 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசலைப் படம் பிடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுவார். நம் அக்காவோ அது நிற்கும் அதே இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு சேலைக்காக ஒன்றரை மணி நேரம் நிற்கிறார். பள்ளிவாசலின் கோடுகளையும் குமிழ்களையும் மூன்று கோணத்தில் பார்த்தாயிற்று. 1923இல் ஒரு பார்சிக் குடும்பம் தன் தகப்பன் நினைவாகக் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரம் புறக்கோட்டை வாசலில் நிற்கிறது. காணாமல் போனால் வந்து நிற்க வேண்டிய இடம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள். நினைவுச் சின்னத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தோன்றவில்லை. ஒல்லாந்தர் பேர் வைத்த கெய்சர் வீதியில் பொத்தானும் நாடாவும், செட்டியார் தெருவில் நகை என்று தெருவுக்கு ஒரு சரக்கு. செட்டியார் தெருவில் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். பவுண் விலையில் பேச இடமில்லை. செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் பேசலாம். அதைப் பேசுவது வீட்டில் மூத்த பெண்மணி. மற்றவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது.

சாப்பாட்டுக்கு வந்தால் என் கட்சிக்குக் கொஞ்சம் சங்கடம், ஏனென்றால் சாப்பாட்டுக் கடையில் பேரம் எடுபடாது. அதனால்தான் முதல் நேரச் சாப்பாடு வீட்டிலிருந்தே வருகிறது: ரொட்டியும் கட்டச் சம்பலும், பேப்பரில் சுற்றி. இரண்டாம் நேரம் தப்ப முடியாது. அங்கே பேரம் வேறு வேஷம் போட்டுக்கொள்கிறது. ஒரு கொத்து ரொட்டி, இரண்டு வெறும் தட்டு; "ஆணம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க தம்பி" என்பது மூன்று தரம். புரியாணி என்றால் கோழிக்கால் யார் பக்கம் என்பதில் குடும்பத்துக்குள்ளேயே ஒரு சந்தை நடக்கும். காலி முகத்திடலில் இறால் வடை வாங்கும்போது தட்டில் எந்த வடைக்கு எத்தனை இறால் என்று எண்ணி, கூட இருப்பதைக் கைகாட்டுவார்கள். வடைக்காரரும் விவரமான ஆள்; பெரிய இறாலை முன்வரிசையில் அடுக்கியிருப்பார், எடுத்துத் தருவது பின்வரிசையிலிருந்து. வெயிலிலும் கடற்காற்றிலும் இருக்கும் வடையைச் சாப்பிடலாமா என்று கேட்கும் சுகாதாரப் பிரியருக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது சரி. எல்லவில் மட்டும் இதற்கு நேர்மாறு. லயத்து அடுப்பில் தினமும் வேகும் அதே தேங்காய் ரொட்டி, பீங்கான் தட்டில் வாழையிலைத் துண்டின் மேல் உட்கார்ந்து, விலை எழுதிய அட்டையோடு வருகிறது. வெள்ளைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கொடுக்கிறார். பாவம், அவருக்கு விடுமுறை அனுபவிக்கத் தெரியவில்லை.

கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: நடைபாதை வியாபாரியும் ஏழைதானே, அவரிடம் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது ஞாயமா? நடக்க முடியாத ஒருவர் பஸ்ஸுக்குள் விற்கும் காது குடையும் குச்சிக்குப் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் புறக்கோட்டைக் கடைக்காரரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் குறைக்கப் போகும் தொகையைச் சேர்த்துத்தான் அவர் முதல் விலையே சொல்கிறார். மொரோக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து 1978இல் எழுதிய மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், சந்தையில் நம்பகமான தகவல்தான் தட்டுப்பாடான சரக்கு, பேரம் என்பது அதைத் தேடும் வழி என்றார். செஃப்ரூவில் துணியின் தரம் தெரியாது. புறக்கோட்டையில் எதிரே நிற்பவர் எந்த ஊர் என்பதே தெரியாது. பாதிப் பேரத்தில் பேச்சு வாடை காட்டிக் கொடுத்துவிடும். "அக்காவுக்கு எந்தப் பக்கம்?" "மொனராகலை." "நான் பசறை!" அவ்வளவுதான், பேரம் செத்தது. ஊர்க்காரப் பிள்ளையிடம் எப்படிக் குறைத்துக் கேட்பது? ஊர்க்கார அக்காவிடம் எப்படிக் கூட்டிச் சொல்வது? இரண்டு பேரும் தர்மசங்கடத்தில் நெளிந்து, நியாயமான விலைக்குச் சாமான் கைமாறும். பயணத்திலேயே மிகக் குறைந்த விலைக்கு வாங்கியது அதுவாகத்தான் இருக்கும்; திரும்பி வந்து அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதை ஏழைத் தோட்டச் சனத்தின் சபலம் என்று தள்ளிவிட வேண்டாம். கொழும்பில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள் சென்னைக்குப் பறந்து, கபாலீசுவரரை எட்டிப் பார்த்துவிட்டு, தி.நகர் ரங்கநாதன் தெருவில் நசுங்குகிறார்கள். பாங்கொக் போனவர்களிடம் அரண்மனையைப் பற்றிக் கேளுங்கள், சத்துச்சக் வாரச் சந்தையைப் பற்றிச் சொல்வார்கள். விமான நிலையத் தராசின் முன்னால் பெட்டியைத் திறந்து சட்டைமேல் சட்டையாகப் போட்டுக்கொண்டு நிற்பதில் வர்க்க பேதம் கிடையாது. நம் ஆட்கள் உரபேக்கைப் பஸ் கூரையில் கட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில்தான் பேரம் உச்சத்துக்குப் போகிறது, ஆச்சரியமாக, வாங்கி முடித்த பிறகு. 900 ரூபாய்க்கு எடுத்த ஒரு பெட்சீட் என்று வைத்துக்கொள்வோம். அவிசாவளை வரை அது 900தான். இரத்தினபுரியில் தேத்தண்ணிக்கு இறங்கும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் 800 ஆகிறது. பெரகலைக்கு ஏறும் வளைவுகளில் குளிர் கூடக்கூட விலை இறங்கி 700. தியலுமவைத் தாண்டும்போது எல்லோரும் தூக்கம். 220 மீட்டர் நீர்வீழ்ச்சி யாரும் பார்க்காமல் தன்பாட்டில் விழுந்துகொண்டிருக்கும். விடிந்து லயத்து வாசலில் பை பிரிக்கப்படும்போது விலை 600. "ஆயிரத்து ஐந்நூறு சொன்னான், நான் விடல" என்ற ஒரு வரியோடு கதை முழுமை பெறுகிறது. பக்கத்துக் காம்பரா அக்கா விரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே போய் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வருகிறார். "இந்தா புள்ள, அறுநூறு ரூவா. அடுத்த தடவ போறப்ப எனக்கும் இதே மாதிரி ஒன்னு எடுத்துட்டு வா."