தேவனஹள்ளிக்குப் போன ஏர்போர்ட்

1990களில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப நேரம் கணக்குப் போட்டதில்லை. பார்க் முனையில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினால் அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு, இந்திரா நகர், டொம்லூர் தாண்டி, அரை மணிக்குள் எச்.ஏ.எல். ஏர்போர்ட் வாசலில் இறங்கிவிடலாம். பயணம் போவது ஒருவர் என்றால் வழியனுப்பப் பத்துப் பேர் போவோம். சித்தி எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு வருவாள். பார்வையாளர் டிக்கெட் வாங்கி உள்ளே போய், வரிசையில் நகர்கிறவரின் முதுகு மறையும்வரை கையாட்டிவிட்டு, திரும்பும் வழியில் கெம்ப் ஃபோர்ட் சிவன் சிலையைப் பார்த்துவிட்டு வீடு வந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் சரியாக இருக்கும்.

இப்போது காலை ஆறு மணி விமானத்துக்கு இரண்டே முக்காலுக்கே கேப் வந்து நிற்கிறது. ஹெப்பாள் மேம்பாலம், எலஹங்கா, சாதஹள்ளி டோல், அப்புறம் தேவனஹள்ளி. முப்பது கிலோமீட்டர் சொச்சம். வழியனுப்ப யாரும் வருவதில்லை. வீட்டு கேட்டிலேயே பெட்டியை ஏற்றிவிட்டு, “போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

தூரம் போனதற்காக நான் வருந்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய ஏர்போர்ட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே பழங்கதை பேசுகிறாள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எச்.ஏ.எல். நிலையத்தால் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம் பேருக்கென இருந்த கட்டடம், 2007-08இல் ஏறக்குறைய ஒரு கோடிப் பேரைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஓடுபாதையோ ஹிந்துஸ்தான் ஏரோனாட்டிக்ஸுக்குச் சொந்தம். சுற்றிலும் வீடுகள், விரிய இடமில்லை. புதிய நிலையம் வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் திறந்த இரண்டாம் முனையத்துக்குள் நான் போயிருக்கிறேன். தொங்கும் செடிகளும் மூங்கில் கூரையும் உண்மையிலேயே அழகு. அதன் உள் அலங்காரத்துக்கு 2023இல் பிரி வெர்சாய் பரிசு கிடைத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் வருத்தம் வேறு. ஊரின் வாசலை இடம் மாற்றி வைக்கிற ஒரு முடிவு, ஊரைக் கேட்காமல் எடுக்கப்பட்டது. எடுத்த பிறகும் அதன் நிபந்தனைகள் எங்கள் காதுக்கு வரவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேவனஹள்ளிதான் இடம் என்று 1991இலேயே ஒரு குழு சொல்லிவிட்டது. டாடா, ரேதியான், சிங்கப்பூர் சாங்கி சேர்ந்த கூட்டணி ஒன்று 1995இல் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, தாமதம் பொறுக்காமல் 1998இல் விலகிக்கொண்டது. இடம் எது, எச்.ஏ.எல். நிலையத்தை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளும் அந்தத் தாமதத்துக்குக் காரணங்கள். ஆக, பழைய நிலையத்தின் தலைவிதி அப்போதே பேச்சுவார்த்தை மேஜையில் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனிலோ குக் டவுனிலோ அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. 2001இல் ‘பையல்’ என்று எல்லோரும் சொல்லும் பெங்களூர் இன்டர்நேஷனல் ஏர்போர்ட் லிமிடெட் உருவானது. 2004 ஜூலையில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் அதனோடு சலுகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

அந்த ஒப்பந்தத்தில்தான் எல்லாம் இருந்தது. புதியது திறந்த நாளிலிருந்து எச்.ஏ.எல். நிலையத்தில் பயணிகள் விமானம் இறங்கக் கூடாது. வான்வழி 150 கிலோமீட்டருக்குள் வேறு எந்த நிலையத்தையும் பன்னாட்டு நிலையமாக வளர்க்க 25 ஆண்டுகளுக்கு அனுமதி இல்லை. உள்நாட்டு நிலையம் புதிதாகக் கட்டுவதென்றால் மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. நிறுவனத்தின் உரிமை 30 ஆண்டு, அது விரும்பினால் இன்னும் 30. அரசுக்குத் தர வேண்டிய பங்கு மொத்த வருவாயில் நான்கு சதவீதம், அதுவும் முதல் பத்து ஆண்டுகளுக்குரியதைப் பிற்பாடு தவணையில் கட்டலாம். இரண்டே ஆண்டு கழித்து, 2006இல், டெல்லி நிலையத்தை எடுத்தவர்கள் 45.99 சதவீதம், மும்பையை எடுத்தவர்கள் 38.7 சதவீதம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையங்கள், இது வெறும் நிலத்தில் எழும்ப வேண்டியது, எனவே ஆபத்து அதிகம் என்ற பதிலில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பதிலை யாராவது 2004இலேயே எங்கள் முன் நின்று சொல்லியிருக்க வேண்டும். சுமார் 4,000 ஏக்கர் பொது நிலம், மாநில அரசின் 350 கோடி ரூபாய் வட்டியில்லா உதவி எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அண்ணன் இருந்தார். பழைய நிலையத்தில் மின்பணி. ஓடுபாதை விளக்கு ஒன்று அணைந்தால் நடுராத்திரி சைக்கிளில் கிளம்பிப் போவார் என்று அவர் மனைவி சொல்வார். 2008 தொடக்கத்தில், நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது ஒரு நாள் நிறுத்தினார்.

“டீச்சரம்மா, ஏதோ ஒப்பந்தம்னு சொல்றாங்களே, அதை நீங்க படிச்சீங்களா?”

“இல்லண்ணா. பேப்பர்ல வந்ததுதான்.”

“எங்க யூனியன்லயும் அப்படித்தான் சொல்றாங்க. முழுசா படிச்ச ஆளை நான் இன்னும் பாக்கல.”

அந்த மார்ச் மாதம், பெங்களூர் எச்.ஏ.எல்., ஹைதராபாத் பேகம்பேட் இரண்டையும் மூடக் கூடாது என்று விமான நிலைய ஆணையத்தின் ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே மாதத்தில் பெங்களூர் சிட்டி கனெக்ட் என்ற அமைப்பினர், தொழிலதிபர்களும் குடிமக்களும் சேர்ந்து, புதிய நிலையம் திறக்கும்போதே போதாமல் போகும் என்று ஊர்வலம் நடத்தினார்கள். தொழிற்சங்கமும் தொழிலதிபர்களும் ஒரே கோரிக்கைக்காகத் தெருவுக்கு வந்ததை நான் பார்த்தது அப்போதுதான். மே 23 அன்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அன்று நள்ளிரவு தாண்டியதும், 24ஆம் தேதி பிறந்த கணத்தில், எச்.ஏ.எல். நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார்கள். அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஓய்வு பெற்றுத்தான் திரும்பினார்.

விவரங்கள் எங்களுக்கு மறைக்கப்படுகின்றன என்ற சந்தேகத்துக்கு ஒரு வழக்கு வரலாறும் உண்டு, அதை நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பையலிடம் ஒருவர் விவரம் கேட்டார். நாங்கள் தனியார் நிறுவனம், சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது நிறுவனத்தின் நிலை. கர்நாடகத் தகவல் ஆணையம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் நீதிமன்றமும், இது பொது அதிகார அமைப்புதான் என்றது. அப்போது அதில் மத்திய அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு 13 சதவீதம், மாநிலத்தின் தொழில் முதலீட்டு வளர்ச்சிக் கழகத்துக்கு 13 சதவீதம் பங்கு. நிலம் அரசுடையது, வானம் அரசுடையது, விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இன்றும் விமான நிலைய ஆணையத்தின் ஆட்கள்தான். இத்தனையும் இருக்க, ஒரு குடிமகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கடமையில்லை என்று வழக்காட ஒரு பொது நிறுவனத்துக்கு மனம் வந்தது என்பது என்னை இன்னும் சுடுகிறது.

உரிமையாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். தொடக்கத்தில் ஜெர்மனியின் சீமென்ஸ் 40 சதவீதம், சூரிக் விமான நிலைய நிறுவனமும் லார்சன் அண்ட் டூப்ரோவும் தலா 17. பிறகு ஹைதராபாத் ஜி.வி.கே. வந்தது. 2017இல் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் பெரும் பங்கை வாங்கியது. 2013இல் நிலையத்துக்குக் கெம்பேகவுடாவின் பெயர் வைத்தார்கள், ஊரைக் கட்டிய நாடப்பிரபுவுக்குத் தகுந்த மரியாதை. பங்குகள் கைமாறியபோது மட்டும் எங்களுக்குப் பத்திரிகையின் வணிகப் பக்கம்தான் சொன்னது.

கீழ்மட்டத்திலும் அதே கதை. லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு பெண், என் பழைய மாணவி, ராத்திரி ஷிப்டுக்கு வேனில் போகிறாள். துப்புரவு வேலை, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி ஒன்றின் வழியாக. அந்த ஏஜென்சிக்கு வேலை கொடுத்தது யார், எத்தனை ஆண்டுக்கு, தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. “காண்ட்ராக்ட் மாறுதாம் மிஸ், புது கம்பெனி வந்தா எங்களை வெச்சுக்குவாங்களோ என்னவோ” என்று போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள். அண்ணனுக்கு இடமாற்றல் உத்தரவு என்று ஒரு காகிதமாவது கையில் வந்தது. அவரால் சங்கத்துக்குப் போய்க் கேட்க முடிந்தது, கொடி பிடிக்க முடிந்தது. இவளுக்கு எங்கே போய்க் கேட்பது என்பதே தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே விதமான வேலை, இடையில் ஒரு தலைமுறைகூட முழுசாகக் கழியவில்லை.

கடல் இருக்கிற ஊர்களுக்கும் இது புதிதல்ல. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்த 2019இல் ஒப்பந்தக் குறிப்பு எழுதப்பட்டது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் விடவில்லை. 2021 பிப்ரவரியில் இலங்கை அரசு பின்வாங்கி, துறைமுக அதிகார சபையே நடத்தும் என்று அறிவித்தது. அதே ஆண்டு மேற்கு முனையம் அதானி குழுமம் பெரும்பங்கு வைத்திருக்கும் கூட்டுக்குப் போனது. நம் பக்கத்தில், விமான நிலைய ஆணையத்தின் கையிலிருந்த மங்களூர் விமான நிலையம் 2020 அக்டோபரிலும், கேரள அரசு நீதிமன்றம் வரை போய் எதிர்த்த திருவனந்தபுரம் நிலையம் 2021 அக்டோபரிலும் அதானியிடம் சேர்ந்தன. யாரிடம் போனது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். என் கேள்வி அதற்கு முந்தியது: போவதற்கு முன் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன காட்டப்பட்டது?

ஊர் ஒருமுறை நம்பிக்கை இழந்தால் நல்ல செய்தியும் சந்தேகமாகத்தான் காதில் விழும். 2024 மே மாதம், வந்திறங்குவோரை ஏற்ற வரும் வண்டிகளுக்குக் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தார்கள். டாக்சி ஓட்டுநர்கள் கொதித்தெழ, ஓரிரு நாளில் நிறுத்திவைத்தார்கள். நெரிசலைக் குறைக்க அது நல்ல யோசனையாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஸ்டாண்டில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. “ஏதோ உள்ள நடந்திருக்கு சார்” என்பதுதான் அங்கே பேச்சு.

தேவனஹள்ளிக்காரர்களிடம் இன்னும் கசப்பு. விமான நிலையத்துக்கு நிலம் போனது, சாலைக்குப் போனது, அப்புறம் விண்வெளித் தொழிற்பூங்காவுக்கென்று சன்னராயபட்டண ஹோப்ளியில் 1,777 ஏக்கர் கேட்டார்கள். பதின்மூன்று கிராமத்து விவசாயிகள் 2022 ஏப்ரலில் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா அந்தக் கையகப்படுத்தலைக் கைவிடுவதாக அறிவித்தார். பழச் சந்தையில் தேவனஹள்ளி சக்கோத்தாவைப் பார்க்கும்போது, அவர்கள் கேட்டதைப் போல நாங்களும் 2004இல் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எங்களுக்கு வீடு போகவில்லை, வயல் போகவில்லை. அதனால் கேட்கவில்லை.

இப்போது கேட்க வேண்டிய நேரம் மறுபடி வந்திருக்கிறது. 150 கிலோமீட்டர் நிபந்தனை 2033 மே மாதம் முடிகிறது. 2024 ஜூன் 27 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேருக்கான விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓசூர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஓர் ஊருக்கு நிலையம் வருமா வராதா என்பது, தமிழ்நாடு கையெழுத்துப் போடாத ஒரு காகிதத்தைப் பொறுத்திருக்கிறது. கர்நாடகமும் இரண்டாவது நிலையத்துக்கு இடம் தேடுகிறது. கனகபுரா சாலையில் இரண்டு, நெலமங்கலா – குணிகல் பக்கம் ஒன்று என மூன்று இடங்களை 2025 ஏப்ரலில் விமான நிலைய ஆணையத்தின் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஓசூரா, கனகபுராவா என்று தொலைக்காட்சியில் இரு மாநிலச் சண்டையாக்கிவிட்டார்கள். எனக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உண்டு. எது வந்தாலும் சந்தோஷம்.

போன மாதம் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பேசினோம். முன்பெல்லாம் குப்பை, தெருவிளக்கு, பார்க் நேரம், இவ்வளவுதான் பேசுவோம். அண்ணன் வந்திருந்தார், கையில் தடியோடு. சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதினோம், கன்னடத்திலும் தமிழிலும். புதிய நிலையம் எதுவானாலும் அதன் ஒப்பந்த வரைவைக் கையெழுத்துக்கு முன் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், வருவாயில் அரசுக்கு எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் கன்னடத்தில் அச்சிட்டு வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். நிலையத்துக்குள் நடக்கும் ஒவ்வொரு காண்ட்ராக்ட் வேலைக்கும் யார் முதலாளி என்பது அந்த வேலை செய்கிறவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். மூன்றாவது கோரிக்கையைச் சேர்க்கச் சொன்னது அண்ணன்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் மனுவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் கடைசி வரி வரைக்கும் படித்தார். அதுவரை மற்றவர்கள் காத்திருந்தோம்.