ரோடு எதற்கு இருக்கிறது?

வீடு என்றால் கட்டிய இடத்தில் நிற்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவில் வீட்டுக்குக் கால் முளைத்து வெகுகாலம் ஆகிறது. தொழிற்சாலையில் செய்து, லாரியில் கட்டி இழுத்துவந்து, வாங்கியவரின் மனையில் இறக்கிவிட்டுப் போவார்கள். மொபைல் ஹோம் என்று பெயர். விஸ்கான்சின் மாநிலத்தில் 1994 பிப்ரவரி 15 அன்று அப்படி ஒரு வீடு வந்து சேர்ந்தது. வந்த வழியில் அடுத்தவர் வயலுக்கு ஒரு டாலருக்கு மேல் நஷ்டம் இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், வீட்டை இழுத்துவந்த கம்பெனியின் தலையில் ஒரு லட்சம் டாலரை ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது.

ஷ்லெஸ்விக் என்ற ஊரில், ஒரு ஏரிக்குப் பக்கத்தில், விவசாயத்திலிருந்து ஓய்வுபெற்ற வயதான தம்பதிக்கு ஏறக்குறைய 170 ஏக்கர் நிலம். பக்கத்து நிலத்துக்காரர் 1993இல் ஸ்டீன்பர்க் ஹோம்ஸ் என்ற நிறுவனத்திடம் ஒரு மொபைல் ஹோம் வாங்கினார். கொண்டுவந்து இறக்கும் செலவும் விலையிலேயே அடக்கம். மனைக்குப் போக ஒரு தனியார் பாதை இருந்தது. அதில் ஏழடி வரை பனி. போதாததற்கு ஒரு மோசமான வளைவு. உருளைகளை வைத்து நகர்த்தினால்தான் வீடு திரும்பும். தம்பதியின் வயலைக் குறுக்கே வெட்டிப் போனால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கம்பெனி அனுமதி கேட்டது. முடியாது என்றார்கள். திரும்பவும் கேட்டது. திரும்பவும் முடியாது என்றார்கள்.

பனி மூடிய வெறும் வயல். விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. ஒருநாள் ஒரு வண்டி போய்விட்டுப் போகட்டுமே, என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் தம்பதியில் பெரியவர் சூடு கண்ட பூனை. 1980களின் நடுவில் வேறு அண்டைவீட்டார் போட்ட வழக்கில், பத்தாயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள நிலத்தைப் பறிகொடுத்தவர். காரணம், நம் வக்கீல்கள் வாயிலும் அடிக்கடி புழங்கும் அட்வர்ஸ் பொசஷன்.

அடுத்தவர் நிலத்தில் திருட்டுத்தனமாக அல்லாமல், எல்லோரும் பார்க்க, உரிமையாளரையும் சட்டை செய்யாமல் ஒருவர் உட்கார்ந்துவிட்டார் என்று வையுங்கள். உரிமையாளர் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சும்மா இருந்துவிட்டால், சட்டம் ஒருநாள் உட்கார்ந்தவர் பக்கம் போய் நின்றுகொள்ளும். இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இதற்கு 12 வருஷம். அரசாங்க நிலம் என்றால் 30. இந்தச் சட்டம் அறிவுக்கும் ஒத்துவரவில்லை, நியாயத்துக்கும் ஒத்துவரவில்லை என்று 2008இல் நம் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. சட்ட ஆணையம் சாவகாசமாக யோசித்து, 2023இல் 'இருப்பது அப்படியே இருக்கட்டும்' என்று அறிக்கை கொடுத்தது.

ஒரே ஒரு தடவை வண்டி போனதால் நிலம் கைமாறிவிடாது. வக்கீலைக் கேட்டால் சொல்வார். ஆனால் ஏற்கெனவே ஒரு துண்டு நிலத்தைத் தூக்கிக் கொடுத்த மனிதருக்கு அந்த ஆறுதல் எல்லாம் காதில் ஏறாது.

பிப்ரவரி 15 காலை, தன் நிலத்தை ஒட்டிய சாலை முனையில் ஒரு வீடு நிற்பதைப் பெரியவர் பார்த்தார். எங்கே போகிறது என்று விசாரித்தார். ஊழியர்கள் ஒளிவுமறைவில்லாமல் வழியைக் காட்டினார்கள். அது அவர் வயல். கம்பெனியின் உதவி மேலாளர் வரவழைக்கப்பட்டார். தம்பதி தங்கள் பங்குக்கு ஊர்த் தலைவரைக் கூப்பிட்டார்கள். பஞ்சாயத்து பெரியவர் வீட்டுச் சமையலறையில் கூடியது. நம் ஊரில் பட்டா, சிட்டா, எஃப்எம்பி வரைபடம் எல்லாம் மஞ்சப் பையிலிருந்து வெளியே வருமே, அதேபோல் வான்வழிப் படமும் நில எல்லைப் புத்தகமும் வெளியே வந்தன. இது எங்கள் நிலம், இதில் வண்டி போகக்கூடாது. உதவி மேலாளர் உலகம் தெரிந்தவர். எவ்வளவு கொடுத்தால் சம்மதம் என்று கேட்டார். இது காசு விஷயமில்லை, ரோட்டு வழியாகப் போங்கள், ரோடு அதற்குத்தானே இருக்கிறது என்றார் பெரியவர்.

வெளியே வந்த உதவி மேலாளர், கிழவர் என்ன சொன்னால் எனக்கென்ன, எப்படியாவது வீட்டைக் கொண்டுபோய்ச் சேருங்கள் என்ற அர்த்தத்தில், பத்திரிகையில் அச்சிட முடியாத ஒரு சொல்லையும் சேர்த்து உத்தரவு போட்டதாக ஊழியர் ஒருவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வீடு எந்த வழியாகப் போகிறது என்று யாரும் வந்து பார்க்காதபடி லாரியைச் சாலையில் குறுக்கே நிறுத்தச் சொன்னதாக இன்னொரு ஊழியரின் சாட்சி. அது பாதுகாப்பு ஏற்பாடு என்றது கம்பெனி. சின்ன பாப்கேட் இயந்திரத்தால் வயலில் பனியை வழித்துப் பாதை போட்டார்கள். வீடு சுகமாகப் போய்ச் சேர்ந்தது. வயல் வழியாகத்தான் போனோம் என்று அலுவலகத்தில் சொன்னபோது உதவி மேலாளர் கிளுகிளுவென்று சிரித்தாராம். ஊழியர்கள் இருவருமே இதைச் சாட்சியாகச் சொன்னார்கள். அமெரிக்கச் சட்ட வரலாற்றில் இத்தனை விலை போன சிரிப்பு அதிகம் இருக்காது.

பெரியவர் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அதிகாரி வந்து இடத்தைப் பார்த்தார், இரண்டு பக்கமும் விசாரித்தார், அத்துமீறலுக்கு அபராதச் சீட்டு கொடுத்தார். தொகை 30 டாலர். நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 447ஆம் பிரிவில் அத்துமீறி நுழைவதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்று 1860இல் எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது நிலமே வாங்கக்கூடிய பணம். 2024 வரை அதே 500தான். குடும்பத்தோடு டிபன் சாப்பிட்டால் பில் அதைத் தாண்டும். புதிய சட்டத்தில் 5,000 ஆக்கியிருக்கிறார்கள்.

தம்பதி சிவில் வழக்குப் போட்டார்கள். ஜூரி கணக்குப் பார்த்தது. பெயரளவுக்கு நஷ்டஈடு 1 டாலர். திமிருக்குத் தண்டனையாக 1,00,000 டாலர். நீதிபதி ஒரு டாலரை வைத்துக்கொண்டு லட்சத்தை ரத்து செய்துவிட்டார். உண்மையான நஷ்டம் இல்லாதபோது தண்டனைத் தொகை மட்டும் எப்படி என்பது பழைய விதி. மேல்முறையீட்டு நீதிமன்றமும் தலையாட்டியது.

மாநில உச்ச நீதிமன்றம் 1997 மே மாதம் அதைப் புரட்டிப் போட்டது. நீதிபதி வில்லியம் பேப்லிட்ச் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: நஷ்டம் வயலுக்கு அல்ல, 'வராதே' என்று சொல்லும் உரிமைக்கு. அந்த உரிமையை மதிக்காதவனை 30 டாலரோடு விட்டால், உருளை வைத்துத் திருப்புவதைவிட அபராதம் கட்டுவதே மலிவு என்று கம்பெனிகள் கணக்குப் போட்டுவிடும்.

துணைக்கு 1814ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு ஒன்றும் வந்தது. தன் நிலத்தில் பறவை வேட்டையாடிக்கொண்டிருந்த ஒருவரிடம் உள்ளூர் மாஜிஸ்திரேட் வந்து, நானும் சேர்ந்துகொள்கிறேன் என்றார். மறுத்தும் கேட்கவில்லை. சிறையில் போடுவேன் என்று மிரட்டினார், முடிந்தால் வழக்குப் போட்டுப் பார் என்றும் சவால் விட்டார். வழக்குப் போட்டார்கள். மாஜிஸ்திரேட் 500 பவுண்டு கட்டினார். அந்த வழக்கில் நீதிபதி கேட்ட கேள்வி நியாயமானது: ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு, 'தரை தேய்ந்ததற்கு இந்தா அரைக்காசு' என்று நீட்டினால் சரியாகிவிடுமா?

ஒரு டாலருக்கு ஒரு லட்சம் மடங்கா என்று கம்பெனி புலம்பிப் பார்த்தது. நஷ்டம் பெயரளவுக்கு என்னும்போது மடங்கு பார்ப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நம் ஊர் வாசகருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. இந்தியாவில் வண்டிப்பாதை உரிமை, 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, தடையில்லாமல் 20 வருஷம் உரிமையோடு போய்வந்தால் நிலைத்துவிடும். ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டு போனது உரிமையோடு போனதாகாது. அது அட்வர்ஸ் பொசஷனும் ஆகாது. ஆகவே பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டர் ஓட்டக் கேட்டால் தாராளமாக விடுங்கள். என்ன தேதியில், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்கு ஆகும் செலவு, வக்கீலின் முதல் வாய்தா ஃபீஸில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.