தண்ணீர் ஊற்றுவது யார்?

கே: கன்னிகாதானம் செய்வது அப்பா. பந்தி விசாரிப்பதைத் தவிர, கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவுக்கு என்ன வேலை? (வாசகர், அச்சரப்பாக்கம்)

ப: தாரை வார்க்கும்போது செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவது யாராம்? உங்கள் ஊரில் அச்சு முறிந்ததும் சிவபெருமான் தேரே நின்றதாகத் தலபுராணம். அம்மா இல்லாமல் கல்யாணத் தேர் மட்டும் ஓடிவிடுமா? இங்கிலாந்தில் 1837 முதல் திருமணப் பதிவில் அப்பாக்கள் பெயர்தான். அம்மாக்கள் பெயர் ஏறியது 2021 மே மாதம்!

கணவரை இழந்த தாயை மணமேடையில் ஏற்றாமல் ஓரமாக நிறுத்துகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி புரோகிதரே கட்டாயமில்லை. தாலியை அந்தத் தாயே எடுத்துக் கொடுக்கட்டும். கல்யாணம் செல்லும்.