சட்டையில் ஒட்டிய விலை

பாங்காக்கில் என்னை ஒருவர் வாங்கினார். யார் என்று தெரியாது, தாய்லாந்து நாணயத்தில் எத்தனை பாட் விலைக்குப் போனேன் என்பதும் தெரியாது. ரசீது மட்டும் என் சட்டையில் ஒட்டியிருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் மூன்று இலக்க எண். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கைடு ஆளுக்கொன்றாக நெஞ்சில் ஒட்டினார். செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, "என்னமா கவனிச்சுக்கிறாங்க பாத்தீங்களா, தொலஞ்சு போயிடக்கூடாதுன்னு" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தொலைந்து போகக்கூடாதுதான், யாருடைய கமிஷன் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

நான்கு இரவு, ஐந்து பகல். விமானம், ஓட்டல், காலைச் சாப்பாடு, ராத்திரிக்கு இந்தியச் சாப்பாடு, ஏ.சி. பஸ் எல்லாம் சேர்த்து ஊரில் ஏஜென்ட் ஒரு தொகை சொன்னார். விமான டிக்கெட்டையும் ஓட்டல் அறையையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினாலே அதற்குக் கட்டுப்படியாகாது. அந்தக் கணக்கை நானும் போட்டேன். போட்டுவிட்டு, "லாபமே வைக்காம கூட்டிட்டுப் போறார், நல்ல மனுஷன்" என்று முடிவு கட்டினேன். கால் கிலோ கத்தரிக்காய்க்கு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொத்தை பார்க்கிற புத்தி, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எங்கே போய்த் தொலைகிறதோ.

மூன்றாம் நாள் காலை வாட் திரைமித் கோயில். ஐந்தரை டன் எடையுள்ள தங்கப் புத்தர். வெகுகாலம் சுண்ணச்சாந்துப் பூச்சுக்குள் மறைந்திருந்தவர். 1955-இல் இடம் மாற்றித் தூக்கும்போது கீழே விழுந்து, சாந்து பெயர்ந்து, உள்ளே தங்கம் தெரிந்தது. வெளியே காரை, உள்ளே தங்கம் என்று அந்த ஊரில் நான் பார்த்த ஒரே சரக்கு அதுதான். அதற்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். அடுத்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம். நிகழ்ச்சி நிரலில் அதன் பெயர் "ரத்தினத் தொழிற்சாலை".

உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி. முதலில் குளுகுளு அறையில் ஒரு படம். பிறகு கண்ணாடிக்கு அப்பால் ஐந்தாறு பேர் தலை குனிந்து கல் பட்டை தீட்டினார்கள். அவர்களையும் படம் என்றே நினைத்து நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து வெளியேறும் பாதை, மைதானம் போன்ற ஒரு விற்பனைக் கூடத்துக்குள் திறந்தது. ஒரு பெண் என் ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்தாள், குறித்துக்கொண்டாள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். "வாங்கண்ணா, வாங்கக்கா" என்றாள் தமிழில். "அக்கா என்ன ராசி?"

அங்கேதான் நாங்கள் விழுந்தோம். ராசிக்கல் என்ற ஒன்றை வாரம் தவறாமல் பத்திரிகைகளிலும் காலை தவறாமல் தொலைக்காட்சியிலும் விதைத்தது நம் ஊர். அறுவடைக்குத்தான் தாய்லாந்து. சிம்ம ராசி என்று என் மனைவி வாயெடுத்ததும் மாணிக்கத் தட்டு வந்தது. "இங்க விலை கம்மிக்கா, ஊர்ல மூணு பங்கு." சான்றிதழ் உண்டா என்று நான் மிடுக்காகக் கேட்டேன். உண்டு என்று வழவழப்பான அட்டை ஒன்றைக் கொடுத்தாள். அச்சடித்தவர்கள் கடைக்காரர்களே. நம் பையன் மார்க்‌ஷீட்டை நாமே எழுதிக்கொள்வது மாதிரி. கல்லைச் சோதித்துச் சொல்ல அரசு ஆதரவில் ஒரு ரத்தின ஆய்வு நிறுவனமே அந்த நகரத்தில் இருக்கிறது. எங்கள் பஸ்ஸுக்கு அந்தத் தெருவுக்கு வழி தெரியாது.

கல்லைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஊர் திரும்பிய பிறகு. தாய்லாந்தின் கிழக்கே சந்தபுரி என்று ஒரு ஊர். மாணிக்கமும் நீலமும் பதப்படுத்துவதில் பேர் பெற்றது. கல்லைச் சூடேற்றி நிறம் கூட்டுவது பழைய தொழில், சொல்லி விற்றால் தப்பில்லை. 2000-களின் தொடக்கத்தில் பெரிலியம் ஏற்றி நிறம் மாற்றிய சஃபையர் கற்கள் உலகச் சந்தையையே கலக்கின. அதற்குப் பின்னால் வந்தது ஈயக்கண்ணாடி. விரிசல் விழுந்து எதற்கும் ஆகாத மட்டமான மாணிக்கத்தில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி இறக்கிவிடுவார்கள். கல் பளிங்காகிவிடும். பாதி கல், பாதி பாட்டில்.

கைடைத் திட்டலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மனம் வரவில்லை. இந்தத் தொழிலில் கைடுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எங்களைத் தலைக்கு இவ்வளவு என்று நஷ்டத்துக்கு ஏற்றுக்கொண்ட உள்ளூர் கம்பெனி, அந்தப் பள்ளத்தை எங்கள் பர்ஸை வைத்தே தூர்க்க வேண்டும். கல் கடை, தோல் கடை, தேன் கடை என்று படியேற்றி இறக்குவது அதற்குத்தான். "ஜீரோ டாலர் டூர்" என்று இதற்குப் பெயர். சீனப் பயணிகளை இப்படி மேய்த்த நிறுவனங்கள் மீது 2016-இல் தாய்லாந்து அரசு பாய்ந்து பஸ்களையெல்லாம் பறிமுதல் செய்தது. பெயர் கெட்டது, தொழில் கெடவில்லை. கடைசி சீட்டுக்காரர் எதுவும் வாங்காமல் பஸ் ஏறியபோது கைடின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அது பேராசைக்காரன் முகம் இல்லை. வாடகை பாக்கி வைத்திருப்பவன் முகம்.

இதில் மாட்டுகிறவர்கள் யார் தெரியுமா? டுக்டுக் ஆட்டோ ஓட்டுபவர்கள். பெரிய அரண்மனை வாசலில் ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூஜை நாள், வாருங்கள் இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்பார். சுற்றிச் சுற்றிக் கல் கடையில் விடுவார். பல தலைமுறையாக நடக்கிற நாடகம். முன்பின் தெரியாதவரை நம்பாதே என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள், 1155 என்று சுற்றுலாப் போலீஸுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இத்தனையும் யாருக்கு எதிராக? ஆள் கொண்டுவந்து விட்டதற்குக் கடையில் வண்டிக்கு எரிவாயு நிரப்பக் கூப்பன் வாங்கும் ஓட்டுநருக்கு எதிராக. நாற்பது பேரை ஒரே பஸ்ஸில் அடைத்து, நெஞ்சில் எண் ஒட்டி, அதே மாதிரிக் கடைக்கு ஓட்டிச் செல்பவருக்கு எதிராகப் பலகை இல்லை. அவர் அலுவலகச் சுவரில் விருதுகள் தொங்குகின்றன. ஒருவரைக் கடத்தினால் மோசடி, நாற்பது பேரைக் கடத்தினால் சுற்றுலா வளர்ச்சி!

மறுநாள் சத்துசக் வாரச் சந்தை. 15,000-க்கும் மேல் கடைகள் என்கிறார்கள், நான் ஒன்றில்தான் மானத்தை விட்டேன். யானை படம் போட்ட தொளதொள கால்சட்டை. கிழவி கால்குலேட்டரில் 150 என்று தட்டிக் காட்டினாள். நான் வாங்கி 80 என்று தட்டினேன். அவள் சிரித்து 140. நான் 90. கால்குலேட்டர் எங்கள் கைகளுக்கு நடுவே ஆறு தரம் போய் வந்தது. பட்டன்களில் எண்கள் அழிந்திருந்தன, பழக்கத்தில் தட்டினாள். கடைசியில் 110-க்கு முடித்து வெற்றியோடு திரும்பினேன். முந்தின நாள் கல் கடையில் அந்தப் பெண் சொன்ன விலைக்கு மறுபேச்சு இல்லாமல் கார்டை நீட்டியவனும் நானேதான். ஏ.சி.யும் சோபாவும் வரவேற்பு ஜூஸும் இருந்தால் நமக்குப் பேரம் பேசக் கூச்சம். வேர்வையில் நிற்கும் கிழவியிடம் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

யாவராட் தெருவில் சீனர்களின் தங்கக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சிவப்புப் பலகையில் அன்றைய விலை எழுதி வைத்திருப்பார்கள், தரம் 96.5 சதவீதம், எடைக்கும் "பாட்" என்றே பெயர், ஒரு பாட் சுமார் 15.2 கிராம். ஒளிவுமறைவு குறைவு. பஸ் அந்தத் தெருவையும் கடந்துதான் போனது. வேகமாக.

திரும்பியதும் ஏஜென்ட் போனில் கூப்பிட்டுக் குறை ஏதும் உண்டா என்று கேட்டார். ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னேன். "அது உங்க சேஃப்டிக்கு சார்" என்றார். அடுத்தது பாலி போகிறார்களாம், பழைய வாடிக்கையாளருக்குச் சலுகையாம்.

கல் கடையில் வாங்கிய மாணிக்க மோதிரம் ஆறு மாதம் பளபளத்தது. சித்திரையில் மாமியார் வீட்டிலிருந்து ஒரு கூடை எலுமிச்சம்பழம் வந்தது. என் மனைவி மோதிரத்தைக் கழற்றாமல் நூறு பழம் நறுக்கி, பிழிந்து, உப்பில் பிசைந்து ஊறுகாய் போட்டாள். ஈயக்கண்ணாடியைப் புளிப்பு அரித்துவிடும். மறுநாள் மாணிக்கத்தின் முகத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள், பொரிந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி. "ஏங்க, தோஷம் கல்லுல இறங்கிருச்சோ?" என்றாள்.

தி.நகரில் தெரிந்த ஒரு நகைக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் பொருத்தி, மோதிரத்தை விளக்கடியில் ஒரு தரம்தான் திருப்பினார். லென்ஸை எடுக்காமலே கேட்டார்.

"பாங்காக்கா சார், பட்டாயாவா?"